ஆடி மாதத்துப் பொங்கல்

பி.ஏ. முடித்து வேலையில்லாமல் அலைந்த நாட்களில், மதுரையில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் சேர்ந்தேன். கோயிலையும் மகாலையும் பார்த்து முடித்த வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி, திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்துப் போய்ப் பொங்கல் வைத்துக் காட்ட வேண்டும். எந்த மாதமானாலும் பொங்கல்தான். அவர்களுக்குக் கூரையும் மண்சுவரும் வேண்டும். எங்கள் தெருவில் அப்படி மிஞ்சியிருந்தது ஒரே வீடு. முறைக்கு எனக்குச் சின்னம்மா ஆகிறவளின் வீடு.

அந்த வருடம் ஆனியில் அவளுடைய ஏழு வயது மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, வேன் வருவதாக இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பொங்கல் கிடையாது. ஆபீஸில் சொன்னேன். அப்படியானால் வேறு ஊரையும் வேறு ஆளையும் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொன்னார்.

சின்னம்மா முடியாது என்றாள்.

"இது நெசப் பொங்கல் இல்ல சின்னம்மா. சாமிக்கா படைக்கிறோம்? வேசந்தான். வேசத்துக்கு ஏது தீட்டு?"

"படிச்ச புள்ள சொல்லுதுல்ல" என்றார் சித்தப்பா. அந்தத் தெருவில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். அவள் உள்ளே போய்ப் பானையை எடுத்து வந்து வெளியே வைத்தாள்.

வேனில் வந்த ஒரு வயதான அம்மாள், தங்களுக்காக நடிக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாம் நிஜம் என்றேன்.

பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சின்னம்மாவும் வாயைத் திறந்தாள். குலவை பாதியில் முறிந்து ஒப்பாரியானது. மகள் பேரைச் சொல்லிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். கேமராக்கள் ஓயவில்லை. என்ன சொல்லி அழுகிறார் என்று அந்த அம்மாள் கேட்டார். விளைச்சலுக்காகச் சூரியனுக்கு நன்றி சொல்கிறாள் என்றேன்.

கிளம்பும்போது சின்னம்மாவிடம் போனேன்.

"வேசம்னு சொன்னியேப்பா" என்றாள். "பானை நெசமாத்தான பொங்குச்சு."

அந்த அம்மாள் ஆபீஸ் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கோயிலைவிட அந்த வீடுதான் மனதைத் தொட்டதாம். இனி எல்லா டிரிப்புக்கும் அதே வீட்டைப் பேசிவிடச் சொன்னார் முதலாளி. சரி சார் என்றேன்.

ஊருக்குப் போனேன். என்னைக் கண்டதும் சின்னம்மா உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வேன் எந்தக் கிழமை வருகிறது என்பதைப் படலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தேன்.