பன்னிரண்டு டின் அரிசி

போன வாரம் ஈப்போவில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். ஜெலாப்பாங்கில் பட்டறை வைத்திருக்கும் என் மருமகனுக்கு ஓவர்டிராப்ட் வேண்டுமாம். அதற்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பையன் பொறுமையாகத்தான் சொன்னான்.

"கணக்குல காசு இல்லாட்டியும் எடுத்துக்கலாம்மா. பத்து நாள்ல வேலைக் காசு வந்ததும் போட்டுடப் போறார். சின்னப் பணமுடைக்குத்தான்."

"வரலேன்னா?" என்றேன்.

அவன் மருமகனைப் பார்த்தான். மருமகன் கூரையைப் பார்த்தார்.

"ஒரு வருசம் அப்படியே நின்னா மொத்தம் எவ்வளவு கட்டணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடு தம்பி. பார்த்துட்டுப் போடறேன்."

எழுதிக் கொடுத்தான். மருமகன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாதி போதும்லா" என்றார். கையெழுத்துப் போட்டேன். கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

வெளியே வரும்போது காசாளர் புது நோட்டுக்கட்டு ஒன்றைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார். புது மை வாசனை. எனக்கு அந்த வாசனை என்றால் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்து வாழைமர நோட்டுதான். குலையோடு நிற்கும் வாழைமரம் போட்ட நோட்டு. அச்சடித்து அச்சடித்துக் கொட்டினார்கள். கடைசியில் ஒரு சவர்க்காரத்துக்குக் கைநிறைய நோட்டுக் கொடுத்தாலும் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லோருக்கும் அரிசிதான் வேண்டும்.

அப்போது எனக்கு இருபது வயது. சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போய்விட, பாலெடுக்கும் வேலையும் நின்றது. காட்டைத் திருத்தி மரவள்ளி நடச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் என்றார்கள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கு இஞ்சி பிடிக்காது என்பதைத் தவிர அவரைப் பற்றி நான் அதிகம் தெரிந்துகொள்ளவில்லை.

அதே லாரியில் போனவர்தான் அடுத்த வீட்டு அஞ்சலை அக்காவின் புருசனும். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக வீடுகள், நடுவில் பலகைத் தடுப்பு. அது கூரைவரை எட்டாது. அந்த இடைவெளி வழியாக நாங்கள் பேசிக்கொள்வோம். "தங்கச்சி, கிழங்கு வெந்துருச்சா?" "வெந்துருச்சுக்கா." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதுகூட இல்லாவிட்டால் அந்த வீட்டில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

அக்கா தைரியசாலி. நெல் விளையும் பாகான் செராய் வரை போய், அரிசியைத் துணியில் கட்டி வயிற்றோடு சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சிபோல நடந்து வருவாள். வழியில் ஜப்பான்காரன் பிடித்தால் என்ன செய்வான் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பாதை தொடங்கி ஒரு வருடம் ஆனபின் ஓர் ஆள் தோட்டத்துக்கு வந்தான். அடுத்த கூட்டத்தோடு சயாமுக்குச் சமையல் வேலைக்குப் போகிறானாம். யாருக்காவது சாமான் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பானாம். கூலி, பால் டின்னால் அளந்து பன்னிரண்டு டின் அரிசி.

நான் அக்காவிடம் கேட்டேன்.

"தாரேன். பத்து நாளைக்கு ஒருக்கா மூணு டின் வட்டியா மேல குடுக்கணும். பன்னெண்டையும் மொத்தமா திருப்பி வைக்கிறவரைக்கும் அப்படித்தான். சரியா?"

"மூணு டின்தானேக்கா."

ஒரு சட்டை, கொஞ்சம் கருவாடு, காய்ச்சல் மாத்திரை. மூட்டை கட்டிக் கொடுத்த அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டே கிழங்கு பிடுங்கினேன்.

தோட்டத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை பங்கு அரிசி தருவார்கள். எனக்கு மூன்று டின். அது அப்படியே அக்கா வீட்டுக்குப் போனது. அடுத்த பத்து நாளும் அப்படியே. பன்னிரண்டை எங்கிருந்து சேர்ப்பது? காதில் கம்மல் இருந்தது. விற்கலாம். ஆனால் அவர் திரும்பி வரும்போது மூளிக் காதோடு நிற்பதா என்று ஒரு வீம்பு. ஐந்தாம் வகுப்பில் கணக்குக்குப் பரிசு வாங்கியவள் நான், சிரிக்காதீர்கள். ஐந்து தவணை போனபிறகுதான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

"அக்கா, வாங்கினது பன்னெண்டு. குடுத்தது பதினஞ்சு. இன்னும் பன்னெண்டு நிக்குது."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் சும்மாவா வருது? பாகான் செராய்ல எனக்குக் கடன் குடுக்கிறவனுக்கு நானும் பத்து நாளைக்கு ஒருக்கா அழுவணும்லா."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கிழங்கு தின்று தின்று எரிந்துபோன வயிறு. "என் புருசனுக்காக வாங்குன அரிசி. அதுல வட்டி திங்கிறீயே, உன் புருசன் எப்படித் திரும்பி வருவான்?" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அக்கா விளக்கை ஊதி அணைத்தாள்.

மறுநாள் சித்தியவானுக்கு நடந்து போய்க் கம்மலைக் கொடுத்துப் பன்னிரண்டு டின் அரிசி வாங்கி வந்து, அவள் வாசலில் வைத்தேன். எடுத்துக்கொண்டாள். முதல் நாளே அதை விற்றிருந்தால் பதினைந்து டின் அரிசி என் வயிற்றுக்குள் போயிருக்கும். அதையாவது கணக்குப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், அடுப்பு ஊதுவாள், இருமுவாள். இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட வாய் வரும். அவள்தான் முதலில் கூப்பிடட்டுமே என்று விட்டுவிடுவேன். நாலு மாதம்.

ஒரு காலையில் அவள் கிளம்பிப் போவதைக் கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. வழியில் பிடித்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். காய்ச்சல் என்றார்கள் சிலர்.

ஜப்பான்காரன் யுத்தம் முடிந்து அவள் புருசன் வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண். நேரே என் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க அவ?"

"அரிசிக்குப் போனாங்கண்ணே."

அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு என்னைப் பார்த்து, "உன் வீட்டுக்காரன் போன வருசம்கூட இல்லம்மா, அதுக்கு முந்தின வருசத்து மழையிலேயே போயிட்டான். வாந்திபேதி" என்றார்.

நான் மூட்டை கட்டியபோது என் வீட்டுக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் கேட்டார்: "போறப்போ உன்கிட்ட ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாளா?"

"நீங்க வந்தா சோறு போடச் சொன்னாங்கண்ணே" என்றேன். அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிவிட்டார். பிறகு நான் வேறு தோட்டம் போய், வேறொருவரைக் கட்டி, பிள்ளை பெற்று, ஈப்போவுக்கு வந்தேன். இரண்டு வருடம் முன்பு அந்தப் பக்கம் போக நேர்ந்தது. ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருக்கிறார்கள். லயம் இல்லை, கிணறு இல்லை, கோயில்கூட இடம் மாறிவிட்டது. அங்கே வேலை செய்தவர்களிடம் அஞ்சலை என்ற பெயரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆனாலும் வண்டியில் ஏறுமுன் இன்னொரு ஆளிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.