முதலை லுக்கோகியின் வாய்

குழம்பில் மீன்தலை கண்ணைத் திறந்துகொண்டு மிதந்தால் லுக்கோகிக்கு அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். பொடிப் பயலாக இருந்த காலத்திலிருந்தே அப்படி. அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் கின்ஷாசா பட்டணம் முழுக்க மனுஷக் குடல் தின்கிறவன் என்று பேர் வந்தது. வயிற்றுப்பாடு ஒருத்தனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

உடம்பு அப்படி வாய்த்துவிட்டது. எங்கள் மத்தேத்தேப் பேட்டையில் எந்த வீட்டு வாசலிலும் அவன் குனியாமல் நுழைந்ததில்லை. ஆற்றுத் துறையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவனை மல்யுத்தம் நடத்துகிற ஒருத்தன் பார்த்தான். சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சண்டை தெரிய வேண்டாம். பயமுறுத்தத் தெரிஞ்சாப் போதும்" என்றான். முதலை என்று பேரும் வைத்தான்.

எங்கள் ஊர்க் கோதாவில் வெறும் பலம் செல்லாது, மந்திரமும் வேண்டும். ஒருத்தன் சாம்பலை ஊதினால் மற்றவன் கல்லாகி நிற்பான். லுக்கோகிக்குக் கொடுத்தது குடல். எதிராளி பனியனுக்குள் ஆட்டுக்குடலைக் கட்டிக்கொண்டு வருவான். லுக்கோகி அவனை மல்லாத்தி, வயிற்றுக்குள் கையை விட்டு உருவி, பல்லால் கடித்து இழுக்க வேண்டும். கூட்டம் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்க்கும். அந்தக் குடலையாவது கழுவித் தொலைத்தார்களா என்றால் அதுவும் கிடையாது. கழுவினால் நாற்றம் போய்விடுமாம், முன்வரிசைக்காரன் மூக்குக்கு நாற்றம் எட்டினால்தான் நம்புவானாம். த்தூ, இதுவும் ஒரு பிழைப்பு. ஒவ்வொரு சண்டை முடிந்தும் அவன் படுதாவுக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பான், அவன் பெண்டாட்டி நிசோனா இஞ்சியைத் தட்டிக்கொண்டு நிற்பாள்.

பேரும் புகழும் வந்ததை மறுப்பதற்கில்லை. சண்டைக்கு முந்தின நாள் கார்க் கூரையில் உட்காரவைத்து, பாண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாகக் கூட்டிப்போவார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். ஆனால் ரொட்டி விற்கிற பெண் அவன் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டாள். "பலகைமேல வச்சுட்டுப் போ" என்பாள். அவன் கைபட்ட இடத்தைத் துணியால் துடைப்பாள். அவனும் துடைத்து முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு வருவான்.

அதனால்தான் டி.வி. நாடகத்துக்குக் கூப்பிட்டபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டர் மலாக்கியின் நாடகக் குழு. தினம் சாயந்திரம் அந்த நாடகம் ஓடுகிற நேரத்தில் மத்தேத்தேயில் அடுப்பில் தீய்கிற ஃபூஃபூக் களியைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நடிகன் என்றால் வசனம் பேசலாம், கோட்டு போடலாம், வாய் சுத்தமாகும் என்று நினைத்தான் பாவம். கோட்டு கொடுத்தார்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் குடலையும் கொடுத்தார்கள். சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராகத் தின்கிற சூனியக்கார மாமன் வேஷம். பாஸ்டரின் பெண்டாட்டி ஒவ்வொரு வாரமும் ஜெபம் பண்ணி அவனைக் கீழே விழவைப்பாள்.

அப்படியே சில வருஷம் ஓடியது. அவன் தங்கை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவள் மகள் லுசோலோ மாமன் வீட்டுக்கு வந்தாள். ஏழு வயசு. பாயை நனைப்பாள், தூக்கத்தில் பேசுவாள், ஒரு ஆள் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்பாள். தாயை இழந்த பிள்ளை வேறென்ன செய்யும்? ஆனால் தெருவில் ஆரம்பித்துவிட்டார்கள். இது சாதாரணப் பிள்ளை இல்லை, ஆத்தாளைத் தின்ற பிள்ளை என்று.

பேச்சு பாஸ்டர் காதுக்குப் போனது. அவருக்கு அப்போது வேறொரு கவலை. இன்னொரு சேனலில் புதிதாக ஒரு நாடகம் வந்து, ஜனம் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் படப்பிடிப்பு முடிந்ததும் லுக்கோகியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். தோளில் கைபோட எட்டவில்லை, முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை சபையில நீ சாட்சி சொல்லணும். கேமரா முன்னாடி. இனிமே மனுஷனைத் தின்னமாட்டேன்னு."

"சொல்லிட்டாப் போச்சு, பாஸ்டர்."

"இந்தப் பாதைக்கு உன்னை இழுத்தது யாருன்னும் சொல்லணும். உன் தங்கச்சி மக."

"பாஸ்டர், நான் யாரையும் தின்னதில்லை. அது ஆட்டுக்கொடல்."

பாஸ்டர் சிரித்தார். "அது எனக்குத் தெரியாதா? வாங்கிட்டு வர்றதே என் ஆளுதானே. ஜனத்துக்குத் தெரியாதில்ல? நீ தாய்மாமன். உன் வாயால வந்தாத்தான் எடுபடும். முடியாதுன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வேற மாமனைப் பார்த்துக்கறேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வாய் திறக்காமல் ஒரு பிள்ளைமேல் யாரும் கைவைக்க முடியாது. பெற்ற அப்பன் சொன்னாலும் செல்லாது. மாமன் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையைச் சபையின் பின்கட்டில் அடைப்பார்கள். சோறு தண்ணி கிடையாது, கண்ணில் மிளகாய், வாயில் எண்ணெய். ஒத்துக்கொள்கிறவரை. ஒத்துக்கொண்டபின் தெரு. சந்தையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிற பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இதைச் செய்கிறவர்கள் கையில் வேதப் புத்தகம் வேறு.

லுக்கோகி மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நிசோனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிண்டிக்கொண்டிருந்த துடுப்பை அப்படியே நிறுத்தினாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அதான் கேக்கறேன். ஏன் சொல்லல? இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு ஒரு மாட்டேன்கூட வரலையா?"

"வேலை போயிடும், நிசோனா."

"இத்தனை வருஷம் அந்த வாயோட உன் பக்கத்துல படுத்தேன்யா. குமட்டிச்சு, பொறுத்துக்கிட்டேன். அந்த வாயிலேர்ந்து இந்தப் புள்ளை பேரு வந்துச்சுன்னா, சத்தியமாப் பொறுக்கமாட்டேன். மூட்டை தூக்கு. எனக்கென்ன."

லுசோலோ மூலையில் உட்கார்ந்து இலையில் அவித்த மரவள்ளிக் க்வாங்காவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாள். நிசோனா பேச்சை நிறுத்தாமலே எடுத்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரைக்குக் கீழே கால்வைக்க இடமில்லை. பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் மாட்டி முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி ஆள் வந்திருந்தது. நிசோனா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் நாடகப் படப்பிடிப்பு இருந்ததால் பின்அறையில் குடல் பை தயாராகத் தொங்கியது. லுக்கோகி கோட்டு மாட்டிக்கொள்ள அந்த அறைக்குப் போய்விட்டு வந்தான்.

"சொல்லு தம்பி," பாஸ்டர் மைக்கை நீட்டினார். "உனக்கு மனுஷ மாமிசத்தை ஊட்டினது எந்தப் பிள்ளை?"

லுக்கோகி மைக்கை வாங்கவில்லை. பாஸ்டரை வாங்கினான். ஒரு கையால் வளைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மற்றக் கை அவர் கோட்டுக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் குடல் தொங்கியது.

கூட்டம் அலறிய அலறலில் தகரம் அதிர்ந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன. எல்லோரையும்விடப் பெரிதாக அலறியவர் பாஸ்டர். "ஐயோ, என் வயிறு, என் வயிறு" என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். காசு கொடுத்துக் குடலை வாங்குகிற மனுஷன்.

லுக்கோகி குனிந்து அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினான். கொழுத்த வயிறு, கீறல்கூட இல்லை.

"இது சந்தையில வாங்கின ஆட்டுக்கொடல்," என்றான். மைக் இல்லாமலே கேட்டது. "கோதாவுல தின்னதும் இதுதான், டி.வி.யில தின்னதும் இதுதான். என்கிட்ட ஒரு மந்திரமும் கிடையாது. இல்லாத மந்திரத்தை யாரும் எனக்குக் கொடுக்கல. லுசோலோவுக்கு நான் தாய்மாமன். இவ மேல ஒண்ணும் இல்லை. இதுதான் என் சொல்லு."

பிறகு ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சீச்சீ. பச்சைக் கொடலையா வாயில வச்சே? கழுவாததையா?"

பின்னாலிருந்து ஒருத்தன், "மனுஷனைத் தின்னான்னு கேட்டப்பகூட எனக்கு இப்படிக் குமட்டலப்பா" என்றான்.

பார்த்தீர்களா நம் ஜனத்தை? இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் ஆளைத் தின்கிறான் என்று நம்பிக்கொண்டு, கைதட்டி, கார் பின்னால் ஓடி, தட்டு நிறையச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள். ஆட்டுக்குடல் என்றதும் அருவருப்பு வந்துவிட்டது. அவன் நடந்துபோன வழியில் துப்பினார்கள். ஆனால் தாய்மாமன் சொல்லைத் தாண்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நிசோனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே வெளியே வந்தாள்.

முதலையின் கதை அதோடு முடிந்தது. கோதாக்காரர்கள், ரகசியத்தை உடைத்தவன் என்று ஒதுக்கிவிட்டார்கள். நாடகத்தில் ஒரு ஒல்லிப்பயல் மாமன் ஆனான். அவனைப் பார்த்து ஜனம் இரண்டு நாள் சிரித்தது, மூன்றாம் நாள் வழக்கம்போலப் பயந்து பார்த்தது. லுக்கோகி ஆற்றுத் துறைக்கே திரும்பிப் போய் மூட்டை சுமந்தான்.

அடுத்த ஞாயிறு மூவரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சபையின் ஒலிபெருக்கி தெரு முழுக்கக் கேட்டது. எவனோ ஒருவன் அழுதுகொண்டே ஒரு பையன் பேரைச் சொன்னான். வயசு ஒன்பது என்றான். கூட்டம் அல்லேலூயா போட்டது. லுக்கோகியின் கையில் பிடித்த கவளம் பிடித்தபடியே இருந்தது.

லுசோலோ தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அத்தை, அந்தப் பையனுக்கு மாமா இல்லையா?"

"இருக்கான்," என்றாள் நிசோனா. "அவன்தான் பேசிக்கிட்டிருக்கான்."