பம்பருக்கு முன் வந்த பலகை

என் வீட்டுக்காரருடைய ஜீப்பைப் பற்றி நான் அதிகம் நல்லது சொன்னவள் இல்லை. அது வந்த நாளிலிருந்து எனக்கும் அதற்கும் சக்களத்திச் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் பானட்டைத் திறந்து பார்ப்பார். ஆனால் அதன் பின்பக்கத்து பம்பரை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். எங்கள் வீடு கீழே சந்தியில். பஸ்ஸும் சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து நாலு மைல் மேலே, கல்லும் குழியுமாக ஒரு பாதை. மழைத்தண்ணீர் போவதற்காக அதைக் குறுக்கே வெட்டி அங்கங்கே கான்கள் ஓடும். ஜீப் தவிர வேறெதுவும் ஏறாது. என் வீட்டுக்காரர் தினமும் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போவார், அவர்களில் நானும் ஒருத்தி. ஜீப்பின் பின்னால் இரண்டு பக்கமும் நீள சீட், மேலே படங்குத் துணி, அரைக் கதவு. உள்ளே இருப்பவர்கள் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிற்கவேண்டும், இரண்டு தட்டு தட்டினால் போகலாம். பஸ் மணியிலிருந்து எங்களுக்கு வந்த பழக்கம்.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூடப் படியில் வழுக்கி விழுந்து என் வலது கால் முறிந்தது. கண்டியில் ஒப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள். பல மாதம் கழித்து நடந்தேன். ஆனால் முழங்கால் மட்டும் மடங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டது. முன் சீட்டில் அந்தக் காலை வைக்க இடமில்லை. பின்னால்தான் நீட்டிக்கொண்டு உட்காரலாம். ஆனால் ஜீப்பின் பின்பக்கமோ என் இடுப்பு உயரம்.

காலையில் வீட்டில் அவர் தூக்கி ஏற்றுவார். அது பரவாயில்லை, கட்டிய மனிதர். பள்ளிக்கூடம் விட்டதும்தான் என் மானம் போகும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாமார் இரண்டு பேர் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து என்னைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். "டீச்சரம்மா பஞ்சு மாதிரிதான் இருக்கீங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே பொய் சொல்வார்கள். பள்ளிக்கூடம் முழுக்க நின்று வேடிக்கை பார்க்கும். காலையில் அதட்டி உட்காரவைத்த அதே பிள்ளைகள் மாலையில் என் செருப்பு கழன்று விழுவதைப் பார்ப்பார்கள். எனக்கு அழுகை வரும், அதை இருமலாக மாற்றிக்கொள்வேன். கடைசியில் கண்டி டவுனுக்கு மாற்றம் கேட்கும் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் அனுப்பவேண்டும். நான் போனால் அந்த வகுப்புக்கு வேறு யாரும் மேலே வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், "பொறு, நல்ல பம்பர் ஒண்ணு போட்டா நீயே ஏறிடலாம்" என்றார். அதுவரை ஜீப்பில் இருந்தது துருப்பிடித்த ஒரு பட்டை. ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஜீப் சாமான் விற்கும் கடைக்குப் போனார். அங்கே கறுப்பு நிறத்தில், இரண்டு பெரிய கொக்கி, விளக்கு, எண்ணெய்க் கேன் வைக்கும் கூடு என்று சகல அலங்காரங்களோடும் ஒரு பம்பர் நின்றது. மனிதர் மயங்கிவிட்டார். பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அது என் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது.

"இவ மலையில டீச்சர். இதுல ஏறலாம்தானே?" என்று கேட்டார்.

கடைக்காரர் என் காலைப் பார்த்தார். "அண்ணே, இது ஏறுறதுக்கு இல்ல, இடிக்கிறதுக்கு. மடவளையில ஒரு வெல்டிங் பாஸ் ஈக்கிறார். அவருக்கிட்ட பெய்த்து விஷயத்த செல்லுங்க, டீச்சருக்கு ஏத்த மாதிரி செஞ்சு தருவார்" என்றார். தன் கடைக்கு வந்த ஆளை இன்னொருவரிடம் அனுப்பிய அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

கைவேலைக்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம். மடவளை பாஸுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சட்டையெல்லாம் நெருப்புப்பொறி பட்ட ஓட்டை. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய கராஜ். என் வீட்டுக்காரர் கொக்கி, விளக்கு என்று பட்டியல் போடத் தொடங்கியதும், "கொஞ்சம் நில்லுங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஏறக்குள்ள எந்தக் கால மொதல்ல வெப்பீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. டொக்டர்கூடக் கேட்கவில்லை. இடது கால் என்றேன். இறங்கும்போது என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, வலது கால் என்றேன். அவர் செங்கல்லைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்னை ஏறச் சொன்னார். ஒரு கல் கூடினால் என் முகம் சுளித்தது, ஒரு கல் குறைந்தால் அடுத்த எட்டு எட்டவில்லை. சரியாக வந்த உயரத்தைத் தூணில் சோக்கால் கோடு போட்டார். கையை நீட்டச் சொல்லி, விரல் எட்டிய இடத்தில் இன்னொரு கோடு. அவர் வாகனத்தை அளக்கவில்லை, என்னை அளந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். இரும்பைத் தொடவே இல்லை. ஒரு பலகையை எடுத்து எல்லாப் பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார். தூணில் போட்ட கோட்டின் உயரத்துக்கு அதை ஜீப்பின் பின்னால் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்.

"நான் ஒங்கட ரோட்ட பாத்ததில்ல. இந்தப் பலகை பாத்துட்டு வரட்டும். ஒரு கிழமை ஓட்டிட்டுக் கொண்டாங்க. எங்க படுது, எங்க இடிக்குதுன்னு இது செல்லும்" என்றார்.

எனக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரருக்கோ முகம் இறுகிவிட்டது. ஏனென்று திங்கட்கிழமைதான் விளங்கியது. அந்தப் பலகையில் ஒரு கீறல் விழுந்தால் தன் டிரைவிங்குக்கே இழுக்கு என்று மனிதர் எடுத்துக்கொண்டுவிட்டார்! எங்கள் மலையில் ஒருவனை நல்ல டிரைவர் என்று சொல்வதே, அடியில் கல் படாமல் ஓட்டுகிறான் என்பதற்காகத்தான். ஒவ்வொரு கானிலும் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, கல் பொறுக்கிப் போட்டு, நிறைமாதக்காரியைக் கூட்டிப்போவது போல நகர்த்தினார். கொழுந்தெடுக்கும் பெண்கள் மேலே நின்று, "என்னண்ணே, சாமி ஊர்வலமா?" என்று கேட்டார்கள். அரை மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமானது. பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு முடக்கு உண்டு. அந்த வளைவில் ஜீப் ஒரே வெட்டில் திரும்பாது, பின்னுக்கு எடுத்து மண்மேட்டில் முட்டித்தான் திருப்பவேண்டும். அந்த வாரம் அவர் பின்னுக்கு எடுக்காமல், ஆட்களை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். மாலையில் பலகையில் பட்ட சேற்றை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தார்.

பரீட்சையில் பார்த்து எழுதும் பிள்ளையைக் காதைப் பிடித்து வெளியே நிறுத்துகிறவள் நான். அந்த வாரம் வாயைத் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பலகையில் அடி பட்டிருந்தால் பாஸ் படியை மேலே தூக்கிவிடுவார், மேலே தூக்கினால் என் கால் எட்டாது. பிறகு அந்த இரண்டு அம்மாமாரும், கழன்று விழும் செருப்பும்தான். அதனால் அவர் துணியால் துடைத்தபோது நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறு சனிக்கிழமை பலகை மடவளைக்குப் போனது, வெள்ளை வெளேரென்று. பாஸ் குனிந்து அடியில் விரலை ஓட்டிப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லா ஓட்டியிருக்கீங்க அண்ணே."

என் வீட்டுக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது.

"இனி எல்லா நாளும் இப்பிடித்தான் ஓட்டுவீங்களா?"

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்க்கவில்லை.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் தூணில் இருந்த சோக் கோட்டைப் பார்த்தேன். அந்த உயரம் எனக்கு வேண்டும், எப்படியாவது வேண்டும். ஆனால் இந்த மனிதர் என் காலைக் கேட்டு, கையைக் கேட்டு, ரோட்டையும் கேட்கிறார். அவரிடம் பொய்யைக் கொடுத்து இரும்பை வாங்கிப்போக எனக்கு மனம் வரவில்லை.

"ஓட்டமாட்டாரு" என்றேன். "கல்லு போட்டு, தொடச்சு, கொண்டு வந்தாரு. தண்ணி கொடுத்தது நான்."

திட்டுவார் என்று நினைத்தேன். பாஸ் சிரித்துவிட்டார். "மொத பலகைய ஒருத்தரும் உள்ளபடி கொண்டு வந்ததில்ல டீச்சர். எல்லாருக்கும் தங்கட ஓட்டம் பெருசு. அதுக்குத்தான் நான் எப்பவும் ரெண்டு பலகை வெச்சிக்கிறது" என்று உள்ளே போய், சுண்ணாம்பு அடித்துக் காயவைத்திருந்த இன்னொரு பலகையை எடுத்து வந்தார். நாங்கள் கொண்டுவந்ததைச் சுவரோரம் சாத்தி வைத்தார். என் வீட்டுக்காரர் காதுவரை சிவந்துபோய்க் கயிற்றைக் கட்ட உதவினார்.

இரண்டாவது பலகை மூன்றாம் நாளே உடைந்தது. கோயிலடிக் கானில் அடிப்பக்கம் பிளந்தது, முடக்கில் மண்மேட்டில் முட்டிப் பின்பக்கம் நசுங்கியது. துண்டுகளை உரப்பையில் போட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். பாஸ் அவற்றைத் தரையில் பரப்பி, என் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டரைவிட அதிக நேரம் பார்த்தார். "முன்னுக்குப் போகக்குள்ள அடியில படுது. அதுக்கு வழி ஈக்கி. ஆனா நீங்க எங்கயோ ரிவர்ஸ் எடுத்து மண்ணுல குத்துறீங்களே, அதுதான் கஷ்டம்" என்றார். அந்த முடக்கை அவர் கண்ணால் கண்டதே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜீப்பை விட்டுப் போகச் சொன்னார். நான்கு நாள் வேறொரு ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக என்னை ஏற்றி இறக்கினார்கள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் திங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு என் வீட்டுக்காரர் மடவளையிலிருந்து நேரே மேலே வந்து சேர்ந்தார். ஜீப்பைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பம்பர் எந்தக் கல்லும் தொடாத உயரத்தில், கெட்டியாக, அலங்காரம் எதுவும் இல்லாமல் இருந்தது. அவர் ஆசைக்கு ஒரே ஒரு கொக்கி. அதன் கீழே, என் சோக் கோட்டின் உயரத்தில், கீலில் தொங்கும் ஒரு படி. ஜீப் முன்னுக்குப் போகும்போது கல் பட்டால் பின்பக்கம் மடங்கித் திரும்ப விழும். மிதித்தால் அசையாது, உள்பக்கம் பாஸ் தடுப்பு வைத்திருந்தார். ஈரச் செருப்பு வழுக்காதபடி படியின்மேல் கோலப்புள்ளி மாதிரி வரிசையாக வெல்டிங் பொட்டு வைத்திருந்தார். கை எட்டும் இடத்தில் ஒரு பிடி.

அம்மாமார் இருவரும் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு வந்தார்கள்.

"வேணாம், விடுங்க" என்றேன்.

இடது காலை வைத்தேன். பிடியைப் பிடித்தேன். ஒரு மூச்சு, வலது கால் பின்னாலேயே வந்து படியில் நின்றது. பிறகு பம்பர், பிறகு சீட். செருப்பு காலிலேயே இருந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள், நான் அதட்டவில்லை. அம்மாமாரில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கீழே வரும்போது முடக்கில் ஜீப் நின்றது. "ஒண்ணு மட்டும் இருக்கு" என்று வீட்டுக்காரர் முன்னாலிருந்து சொன்னார். "ரிவர்ஸ் எடுக்க முந்தி படியைத் தூக்கி மாட்டணும். இல்லாட்டி மண்ணுல குத்திரும். ஒவ்வொரு தரமும் யாராச்சும் இறங்கத்தான் வேணும். இரு, வாறேன்." என் மனம் சுருங்கியது. இதற்கும் ஒரு ஆள் வேண்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அரைக் கதவின் உள்பக்கம், என் வலது கைப்பக்கமாக, அவர் கவனிக்காத ஒரு கயிறு தொங்குவதைப் பார்த்தேன். மறு நுனி கதவுக்கு வெளியே கீழிறங்கிப் படியில் முடிந்திருந்தது. என் பக்கத்து நுனியில் உள்ளங்கைக்கு அளவாகச் செதுக்கிய ஒரு மரக் கைப்பிடி. மேலே அதை மாட்ட ஒரு சின்னக் கொக்கி. கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். நாங்கள் துடைத்துத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த முதல் பலகை.

"நீங்க இறங்காதீங்க" என்றேன்.

இழுத்தேன். படி லேசாக மேலே வந்தது. கைப்பிடியைக் கொக்கியில் மாட்டினேன். கைப்பைக்குள் விண்ணப்பம் இருந்தது, கையெழுத்து இல்லாமல். அது இனி அப்படியே கிடக்கட்டும். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.