குளக்கட்டு ஏறுவதற்கான இழுவை

வளைகுடா நாடொன்றில் நான் வேலை செய்த பட்டறையில் கார்களின் வலுவை அளக்கும் மேடை ஒன்று இருந்தது. காரின் பின்சக்கரங்களை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, பட்டிகளால் நிலத்தோடு இறுக்கிக் கட்டுவோம். பிறகு ஒருவர் உள்ளே இருந்து முடுக்குவார். சக்கரம் வெறிபிடித்துச் சுழலும், கார் ஓரங்குலமும் நகராது. பக்கத்தில் இருக்கும் கருவி ஒரு தாளில் இரண்டு கோடுகளைக் கீறித் தரும். ஒன்று குதிரைவலு. மற்றது முறுக்குவிசை.

கார்ச் சொந்தக்காரர்கள் குதிரைவலுக் கோட்டின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு போவார்கள். நான் மற்றக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது தொடக்கத்திலேயே உயர்ந்து, கொஞ்சத் தூரம் மட்டமாகப் போய், இயந்திரம் அலறத் தொடங்கும் நேரத்தில் இறங்கிவிடும். குதிரைவலுவோ அந்த அலறலோடு சேர்ந்து இன்னும் மேலே ஏறும். இது எனக்கு விளங்கக் கனநாள் எடுத்தது. இயந்திரம் அச்சைத் திருகுகிற பலம் முறுக்குவிசை. அந்தப் பலத்தை எவ்வளவு வேகமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது குதிரைவலு. பலம் சற்றுக் குறைந்தாலும், சுற்று கூடினால் வலு ஏறிக்கொண்டே போகும். ஊரில் இந்த அறிவு எனக்கு என்றைக்காவது தேவைப்படும் என்று நான் நினைத்ததில்லை.

ஊருக்கு வந்து கலியாணம் செய்து, எங்கள் பக்க வழக்கப்படி மனைவி வீட்டிலேயே குடியிருந்தேன். வாவிக்கு மேற்கே, வவுணதீவையும் தாண்டி உள்ளே, குளமொன்றின் பின்பக்கம் இருந்த சிற்றூர் அது. வீட்டில் மாமி, மனைவி, அவளுடைய தமையன், நான். தமையன் எனக்கு மச்சான். என்னைவிட மூத்தவர், கலியாணம் ஆகாதவர். அவரிடம் இரண்டு சக்கர உழவு மெசின் ஒன்று இருந்தது. வட்டையில் வயல் உழுவதும் அதுதான், பின்னால் பெட்டியைப் பூட்டினால் ஊருக்கு வண்டியும் அதுதான்.

இராணுவத்துக்கும் இயக்கத்துக்குமான சண்டை இறுகியபோது எங்கள் பக்கத்துக்கு டீசல் வருவது நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. மச்சான் அதில் தேங்காயெண்ணெய் கலந்து மெசினை ஓட்டினார். வெள்ளைப் புகையும் பலகாரம் சுட்ட வாடையுமாக அது இருமிக்கொண்டு ஓடும்.

அப்போது என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. மாதம் ஏறியபின் ஒருநாள் குடும்பநல மாது வந்து அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, புள்ள குறுக்க கிடக்கு. இது திரும்பாட்டி வீட்டில பெறேலாது. நோ தொடங்கினா உடன டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. மினக்கெட்டா ரெண்டு உயிரும் போயிரும்."

முன்கூட்டியே நகரத்துக்குப் போய்த் தங்குவதென்றுதான் முடிவுசெய்தோம். அதற்குள் மாரி கொட்டத் தொடங்கியது. பாதையில் வாய்க்காலைக் கடக்கும் மதகு ஏற்கனவே வெடியில் உடைந்து கிடந்தது. வண்டி போவதென்றால் குளத்தின் மண்கரையான குளக்கட்டின் மேல் ஏறித்தான் போகவேண்டும். செங்குத்தான களிமண் ஏற்றம். நான்கு நெல்மூட்டையோடு போன மச்சான் பாதி ஏற்றத்தில் மெசின் நின்று, பெட்டியோடு பின்னால் சறுக்கி வாய்க்காலுக்குள் விழுந்து எழும்பி வந்தார். காயம் பெரிதில்லை. ஆனால் அந்தப் பெட்டியில்தானே அவளை ஏற்றவேண்டும்!

அடுத்த நாள் காலை மழை விட்ட இடைவெளியில் மெசினை வேப்பமரத்தின் கீழே பலகைகளில் உயர்த்தி நிறுத்தினேன். தும்புக் கயிற்றை நனைத்து அதன் சுழல்சக்கரத்தில் சுற்றினேன். கயிற்றின் ஒரு நுனியை, மீன் நிறுக்கும் வில்தராசு ஒன்றை மரக்கிளையில் தொங்கவிட்டு அதில் கொழுவினேன். மற்ற நுனியில் ஒரு தகர வாளி. வாளியில் மணலைப் போடப்போடக் கயிறு இறுகிச் சக்கரத்தைப் பிடிக்கும். மணலின் நிறைக்கும் தராசு காட்டும் நிறைக்கும் உள்ள வித்தியாசந்தான் மெசினின் இழுவை. உருளையும் கருவியும் இல்லாத இடத்தில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மச்சான் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மச்சான், மெசினத் தூக்கில போடப்போறீங்களா?"

"இதில எவ்வளவு இழுவை மிச்சம் இரிக்கெண்டு பாக்கப்போறன்."

கயிறு புகைந்தது. மாமி தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். மணல் கூடக்கூட மெசினின் சத்தம் தாழ்ந்தது. சத்தம் தாழத்தாழ அது தாங்குகிற மணலோ கூடியது. ஒரு கட்டம்வரை அப்படிப் போய், அதற்குக் கீழே வந்ததும் சட்டென்று செத்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அதே சத்தத்தில்தான் செத்தது.

"மச்சான், அண்டைக்குக் குளக்கட்டில ஏறக்குள்ள என்ன செய்தீங்க?"

"சத்தம் தாழ்ந்து போச்சு. நிக்கப்போகுதெண்டு கிளச்சப் புடிச்சன்."

"அதுதான் பிழையாப் போச்சு. நெல்மூட்டையத் தூக்கிற பலம் வேற, ஒரு பொழுதுக்குள்ள எத்தின மூட்டை ஏத்திறம் எண்டது வேற. சத்தம் மேல போனா வேகம் கூடும், பலம் கூடாது. சத்தம் தாழக்குள்ளதான் இழுவை கூட. அப்பக் கிளச்சில கை வச்சிராதீங்க."

"எதுமட்டும் தாழலாம்?"

மறுபடி மணலைப் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பின்னேரம்வரை அதையே செய்தோம். மண்ணெண்ணெயில் அதற்கு இருக்கும் இழுவை, முதலாம் கியரில், மச்சானோடு இன்னும் இரண்டு பேரைத்தான் அந்தச் சேற்றில் கொண்டுபோகும் என்று தெரிந்தது. குதிரைவலு எவ்வளவு இறங்கிப்போயிருக்கிறது என்பதும் தெரிந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கட்டின் மேல் ஏறிவிடலாம். ஆனால் நகரத்துக்குப் போய்ச்சேர அரைநாளாவது பிடிக்கும்.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் புறப்படுவதென்று இருந்தோம். பிரசவத் திகதிக்கு முன்பே ஒரு விடியலில் அவளுக்கு நோ தொடங்கியது. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வடக்கே ஷெல் விழுகிற அதிர்வு கேட்டது. பெட்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, மேலே மழை படாமல் படங்கைக் கட்டி அவளை ஏற்றினோம். பின்னாலேயே மாமி ஒரு துணிமூட்டையோடு ஏறிக் குந்தினார்.

"மாமி, இறங்குங்க. பாரம் கூடிரும்."

"என்ர புள்ளயத் தனிய விடமாட்டன்."

கட்டு மட்டுமென்றால் அவர் இறங்கி நடக்கலாம். கட்டுக்கு அங்காலும் சேறுதான், அவருக்கோ முழங்கால் வருத்தம். மச்சான்தான் சொன்னார்: "அம்மா, நீங்க இரிந்தா மெசின் ஏறாது. இவளுக்குத்தான் பிழை வரும்."

மாமி இறங்கினார். மூட்டையை என் கையில் தந்துவிட்டு மழைக்குள்ளேயே நின்றார்.

ஏற்றத்தில் நான் குதித்துப் பின்னாலிருந்து தள்ளினேன். பாதியில் சத்தம் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. மச்சானின் இடது கை கிளச்சை நோக்கிப் போவதைக் கண்டேன்.

"புடிக்காதீங்க! தாழட்டும்!"

அவர் கையை இழுத்துக்கொண்டார். மெசின் முக்கியது. சக்கரம் களிமண்ணை ஒருதரம் வழித்தெறிந்துவிட்டு அடியில் எதையோ பற்றிப் பிடித்தது. அங்குலம் அங்குலமாக மேலே போனோம். கட்டின் மேல் போய் நின்றதும் மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகுதான் கொடுமை. பாதை முழுக்க வெள்ளம். நடந்து போகிற மனிதரைவிட மெதுவாகப் போனோம். ஒவ்வொரு குழிக்கும் அவள் அலறினாள்.

"இஞ்சேருங்க, அண்ணனைக் கெதியாப் போகச் சொல்லுங்க."

"போறார் புள்ள. கிட்டத்தான்."

கிட்டத்தில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். கெதியாகப் போகிற வலு அந்த மெசினில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் திட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு கட்டத்தில் அவள் அலறுவதை நிறுத்திவிட்டாள். அது அலறலைவிடப் பயமாக இருந்தது.

பாலத்துக்கு முன்னாலிருந்த இராணுவச் சோதனைச்சாவடிக்கு வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அங்கே மெசினை மறித்தார்கள். அனுமதிப் பத்திரம் இல்லாத வண்டி போகமுடியாது என்றார்கள். படங்கைத் தூக்கிப் பார்த்த ஒரு சிப்பாய் முகம் வெளுத்து, நகரப்பக்கம் போகவிருந்த லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினான். அவனும் நானுமாக அவளைத் தூக்கி ஏற்றினோம். மச்சான் மெசினின் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்களும் ஏறுங்க மச்சான்."

"இவங்க விடமாட்டாங்க. நீங்க போங்க. அவளப் பாருங்க. நான் மெசினோட நிக்கிறன்."

ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. நீலம்பாரித்துக் கிடந்து பிறகு அழுதாளாம். மனைவிக்கு இரத்தம் ஏற்றினார்கள். கண் தெளிந்ததும் அவள் கேட்டது, "அண்ணன் புள்ளயப் பாக்க வரல்லையா?"

"மழை" என்றேன்.

அவளை விட்டுப் போகக்கூடிய நிலை வந்ததும் சாவடிக்கு ஓடினேன். மெசின் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பெட்டிக்குள் மழைத்தண்ணீரில் வைக்கோல் மிதந்தது. மச்சான் இல்லை. காவலில் வேறு ஆட்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவன் சொன்னான்: "அண்டைக்கே விட்டாச்சு. அவர் போயிட்டார்."

"மெசின விட்டுட்டு எப்பிடிப் போவார்? இதுதான் அவர்ர சீவியம்."

அவன் வேறு பக்கம் பார்த்தான். நான் கும்பிட்டேன், கத்தினேன், நிலத்தில் இருந்துவிட்டேன். கடைசியில் மெசினை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அதையும் அங்கேயே விட்டுவிட்டால் அவரைப் பற்றி எதுவுமே மிஞ்சாது என்ற பயத்தில் எடுத்தேன்.

ஊர் வரும்வரை சந்து ஒழுங்கைகளிலும் வட்டைகளிலும் பார்த்துக்கொண்டே வந்தேன். மெசின் சத்தம் கேட்டு மாமி முழங்காலையும் மறந்து படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்தது நான் என்று கண்டதும் நின்றுவிட்டார்.

"எங்க அவன்?"

சொன்னேன். மகளும் பேத்தியும் உயிரோடு இருப்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. வெறும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

அதன்பிறகு மாமியும் நானும் போகாத முகாம் இல்லை, முறையிடாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லா இடத்திலும் அவர் விடுவிக்கப்பட்டுவிட்டார் என்ற ஒரே பதில்தான். மனைவியையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, பேத்தியைக் கையில் வாங்கும்போதும் மாமியின் கண் முதலில் போனது எனக்குப் பின்னால், ஒழுங்கையில் யாராவது வருகிறார்களா என்றுதான்.