புகையை வாங்காத கூண்டு

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "இனிமே இந்தப் புகை உள்ள போச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது." பக்கத்தில் என் மனைவி இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி, வேறு யாரைப் பற்றியோ பேச்சு நடப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

துறைமுக வேலைக்கு என் இடுப்பு ஒத்துவராமல் போன பிறகு, அவள் அவித்து விற்கும் இடியாப்பம்தான் எங்களுக்குச் சோறு. கேஸ் அடுப்பில் அத்தனை தட்டு அவியாது. அப்பா காலத்து வீடு. அடுப்படியில் விறகடுப்பும், சுவரோடு ஒட்டி மொட்டை மாடிவரை போகும் புகைக்கூண்டும் உண்டு. இரண்டு வருடமாக அந்தக் கூண்டு புகையை வாங்காமல் வீட்டுக்குள்ளேயே திருப்பிவிட்டது. நான் பழி போட்டது விறகின் மேல். "ஈர வெறக வச்சா பொகையாம என்னளா செய்யும்" என்று அவளிடம் எரிந்து விழுவேன். அவள் இருமிக்கொண்டே விறகை வெயிலில் பரப்புவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கொத்தனாரைத் தேடிப் பைத்தியக்காரனைப் போல அலைந்தேன். முதலில் வந்தவர் கூண்டின் வெளிப்பக்க வெடிப்புகளையெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசினார். அடுப்பு மூட்டினால் பழைய கதைதான். இன்னொருவர் தட்டிப் பார்த்துவிட்டு, உப்புக்காற்று தின்ற சுவர், கைவைத்தால் அடுப்படியே உட்கார்ந்துவிடும் என்று நழுவிவிட்டார். வியாபாரத்தை நிறுத்தச் சொன்னால் அவள், "பெறவு என்னத்தத் திங்க" என்றாள். மறுநாள் காலை அடுப்பு முன்னாலேயே சுருண்டு விழுந்தாள். உதடு நீலமாகியிருந்தது. அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் வாங்கிவரச் சொன்ன, மருந்தை ஆவியாக்கும் மெஷினை அவள் மூக்கில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மாதாவே, இவளை எனக்கு விட்டு வை என்று வாய்விட்டு அழுதேன். அவளை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

திரேஸ்புரத்தில் ஒருவர் பேக்கரிக் கூண்டுகளைச் சரிசெய்கிறவர் என்று கேள்விப்பட்டு, அவரை ஆட்டோவில் கையோடு கூட்டிவந்தேன். அவர் வெடிப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்புக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தார்.

"கூண்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மேல வளைவுல என்னமோ அடைச்சிக் கெடக்கு."

மாடியில் கூண்டின் பக்கவாட்டில் ஒரு சிறிய தகரக் கதவு உண்டு. அவர் அதைத் திறந்தார். கொக்கியை விட்டு இழுத்தார். கரியும் பிசுக்கும் ஏறிய ஓலை கொத்துக் கொத்தாக வந்தது. ஒன்றை எடுத்து உதறினார். குருத்தோலைச் சிலுவை.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையைச் சிலுவையாக மடித்து, வருடம் முழுக்க நிலைவாசலில் செருகி வைப்போம். அதைக் குப்பையில் போடக் கூடாது. அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் கோயிலில் கொடுத்தால், எரித்து நெற்றியில் பூசும் சாம்பலாக்குவார்கள். என் மனைவி, எங்கள் தெருவில் நடமாட முடியாதவர்கள் வீட்டு ஓலைகளையும் சேர்த்து, சிவப்பு நூலால் கட்டி, கோயிலில் கொடுக்கச் சொல்லி வருடா வருடம் என் கையில் தருவாள். நான் அந்தத் தகரக் கதவைத் திறந்து உள்ளே தள்ளிவிடுவேன். அடுப்பில் விழுந்து எரிந்தாலும் சாம்பல்தானே, இதற்குப் போய் ஒரு நடையா என்ற சோம்பேறித்தனம். எதுவும் அடுப்புவரை விழவே இல்லை.

கொத்தனார் வளைவைச் சுரண்டி, பெயர்ந்த இடத்தில் சாந்து பூசினார். அது காய்ந்த பிறகு வந்து, அடுப்பில் தேங்காய் மட்டையைக் கொளுத்திக் காட்டினார். புகை நேராக மேலே போனது.

அவர் வாரிப்போட்ட சாக்கு முற்றத்தில் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த என் மனைவி அதைப் பிரித்தாள். கரிக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நூலை இழுத்து, விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"வருசா வருசம்… கோயில்ல குடுத்தாச்சுன்னு… தான சொன்னிய" என்றாள்.

அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.