அறிவிப்புக் குழுவில் ஒரு ரோஜாப்பூ

காசிமேட்டில் எங்கள் தெருப் பெண்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் உண்டு. ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளுக்கு மட்டும். காற்று பலமாக இருக்கிறது, இன்று போகவேண்டாம், இந்தப் படகு இன்னும் கரைக்கு வரவில்லை, இப்படிப்பட்ட சேதிதான் அதில் வரவேண்டும். அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். விடியற்காலையில் ஆண்கள் வலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். போனைப் பார்த்து அவர்களைத் தடுப்பது நாங்கள்தான். அதற்கென்றே எல்லோரும் ஒரே மணிச் சத்தம் வைத்திருந்தோம்.

அந்தக் குரூப்பில் தினமும் இருட்டோடு ஒரு ரோஜாப்பூ வர ஆரம்பித்தது. மேலே மின்னுகிற எழுத்தில் 'இனிய காலை வணக்கம்'. போட்டது பக்கத்துத் தெருவில் மீன் விற்கிற அக்கா. போன வருஷம் அவள் புருஷனின் படகு கவிழ்ந்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவளும் எழுதிக் கேட்கட்டும் என்று அட்மின் ஆக்கியிருந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை. அப்புறம் அவளை அதிலிருந்து எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

எனக்குக் கொஞ்சம் சந்தேகப்புத்தி. உப்பு டப்பா இடம் மாறினாலே வீட்டில் எல்லோரையும் முறைப்பேன். காரியமில்லாமல் யாராவது தினமும் பூ நீட்டுவார்களா? நாளைக்குக் கருவாட்டு விலை போடுவாள், அப்புறம் சீட்டுக்கு ஆள் பிடிப்பாள், தேர்தல் வந்தால் ஓட்டும் கேட்பாள். ஓரத்தில் கட்சிக்கொடி, கடைப்பெயர் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பூவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

இதற்குள் எதிர்வீட்டுக்காரி, தூக்கம் கெடுகிறதென்று மணியை அணைத்துவிட்டாள். ஒருநாள் நிஜமாகவே காற்று எச்சரிக்கை வந்தது. நான் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அவள் புருஷன் போய்விட்டார். வலையைக் கடலில் விட்டுவிட்டு, சாயங்காலம் குற்றுயிராகக் கரை சேர்ந்தார்.

மறுநாள் நேரே மீன்காரியிடம் போனேன்.

"இன்னாக்கா, தெனம் பூ போட்டுகினு கீற? யாரு சொல்லிப் போடுற?"

அவள் சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"யாரும் சொல்லல மே. அன்னிக்கு அந்த மணிலதான் அவரு சேதி வந்துச்சு. அப்பாலேர்ந்து அது அடிச்சாலே கை காலு வெலவெலத்துப் பூடுது. தெனம் பூவுக்கும் அடிச்சா, பழகி பயம் பூடும்னு பாத்தேன்."

அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஆனாலும் சொன்னேன்.

"பயம் பூடக் கூடாதுக்கா. எதிர்வூட்டு அண்ணன் செத்துப் பொழச்சி வந்துகீறாரு. என் வூட்டுக்காரரு தெனம் போய்கினு கீறாரு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி மே. என்னை எட்த்துரச் சொல்லு."

சொன்னேன். எடுத்துவிட்டார்கள்.

இப்போது குரூப் சுத்தமாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரியும் மணியைத் திரும்பப் போட்டுவிட்டாள். நான் செய்தது சரி, இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போன பிறகு அந்த மணி அடித்தால், சோறு வடிக்கிற கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பதற்குள், கடவுளே, இது பூவாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.