கசக்குது என்று உண்மை சொன்ன மேரி சிஸ்டர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் எமர்ஜென்சியிலிருந்து எனக்கு போன் வந்தது. “ஸ்டாஃப் பஸ்ல ஒரு சிஸ்டர் மயங்கி விழுந்துட்டாங்க பாய். யல்லா, சீக்கிரம் வாங்க” என்றார் அங்கிருந்த தமிழ் நர்ஸ். பெயர் சொல்லவில்லை. ஓடிப் போய்த் திரையை விலக்கினேன். கட்டிலில் கிடந்தவர் சகாய மேரி சிஸ்டர்.

நான் சுவாச சிகிச்சைப் பிரிவில் இருப்பவன். மூச்சு நின்றவரின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்து, அதோடு இணைந்த பையைப் பிசைந்து காற்றுக் கொடுப்பது என் வேலை. எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அன்று காற்று கசிவதைப் பார்த்து டாக்டர் இரண்டு முறை கத்தினார்: “லீக்! லீக்! ப்ரெஸ்!” அப்போதுதான் கவனித்தேன். சிஸ்டருடைய மூக்குத்தண்டின் மேல் என் விரல் தானாகவே தளர்ந்திருந்தது. அந்த இடத்தில் அழுத்தினால் அவருக்கு வலிக்கும் என்பது என் கைக்குப் பழகியிருந்தது. அழுத்திப் பிடித்தேன். நாற்பது நிமிடம் எல்லோரும் போராடினோம். மாரடைப்பு. அவர் திரும்பவில்லை.

அவரோடு ஐந்தாம் மாடித் தனிமை வார்டில் வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் விரல் ஏன் தளர்ந்தது என்று தெரியாது.

மேரி சிஸ்டருக்குக் குளச்சல் பக்கம். கணவர் இறந்த பிறகு ஒரே மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு குவைத்துக்கு வந்தவர். காலை பஸ்ஸில் ஏறியதும் சின்னக் கண்ணாடியை எடுத்து முகத்துக்குப் பவுடர் போடுவார், உதட்டுக்கு லேசாகச் சாயம் பூசுவார். “மாஸ்க்குக்குள்ள யார் சிஸ்டர் பாக்கப் போறாங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “நான் பாப்பேன்லா!” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

கொரோனா வந்ததும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி. அந்தக் கெட்டி மாஸ்க்கை இறுக்கிக் கட்டினால், சாப்பிடப் போகும்போதுதான் கழற்ற முடியும். இரண்டாவது வாரத்தில் சிஸ்டரின் கன்னங்களில் கோடு விழுந்தது. பிறகு மோவாய் முழுக்க அரிப்பு, சிவந்த தடிப்பு. பிறகு மூக்குத்தண்டில் தோல் உரிந்து புண்ணானது. பவுடர் டப்பா பையிலேயே கிடந்தது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, “யாராவது அடிச்சாங்களாம்மா?” என்று அழுதிருக்கிறாள். “ஒண்ணுமில்ல மக்களே, மூக்குக்கண்ணாடி அமுத்துன தடம்” என்று சமாளித்திருக்கிறார். அதற்குப் பிறகு மகளிடம் பேசும்போது கேமராவை அணைத்துவிடுவார்.

தோல் டாக்டர் களிம்பு எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: இரண்டு வாரம் மாஸ்க் வேண்டாம். சீட்டை மேட்ரன் வாங்கிப் பார்த்தார். “இருபத்திரண்டு பேஷண்ட், ஆறு சிஸ்டர். யாரைப் போடட்டும் மேரி? நீயே சொல்லு” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கன்னத்திலும் அதே கறுத்த கோடு இருந்தது.

புண்ணின் மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, அதன் மேல் மாஸ்க்கைக் கட்டத் தொடங்கினார் மேரி சிஸ்டர். மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. தலையை மூடும் கூடு ஒன்றை மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைத் தெளிப்பேன். நாக்கில் கசப்பு தட்டினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். தட்டியதா இல்லையா என்பது சோதனைக்கு வந்தவர் வாயால் சொன்னால்தான் தெரியும். இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. பிளாஸ்டரோடு வந்த வேறு சிலர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேரி சிஸ்டர் இல்லை என்று சொல்லிவிடட்டும் என்றுதான் அன்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

“கசக்குது பாய்” என்றார்.

“நல்லாப் பாருங்க சிஸ்டர்.”

“கசக்குதுன்னா கசக்குது. எனக்க ரூம்ல மூணு நர்ஸ் பிள்ளையள் இருக்காவ. ஒருத்தி மாசமா இருக்கா. பொய் சொல்லி அவளுக்கு நான் கொண்டு குடுக்கவா?” கூட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “பிளாஸ்டர் வச்சா காத்து போவுது. வைக்காட்டி தோலு போவுது. எது போட்டும்னு நீங்களே சொல்லுங்க பாய்.”

எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். நான் பார்க்கவே பிளாஸ்டரை உரித்தார். தோலும் கூட வந்தது.

பிறகு ஸ்டோரில் நச்சரித்து, வேறு கம்பெனி மாஸ்க் இரண்டு பெட்டி வாங்கினேன். விளிம்பு மெத்தென்று இருக்கும். சோதித்தேன், கசக்கவில்லை. பதினைந்து நாளில் புண் காய்ந்து பொருக்குத் தட்டியது. ஒருநாள் பஸ்ஸில் பவுடர் டப்பா வெளியே வந்ததை நானே பார்த்தேன். பெட்டி தீர்ந்ததும் மறுபடி போய்க் கேட்டேன். “மாஃபி, பாய். கலாஸ்” என்று கைவிரித்தார் ஸ்டோர்காரர். அந்த மாஸ்க் பிறகு வரவே இல்லை. பழைய மாஸ்க், பழைய புண். கொரோனா அடங்கிய பிறகும் அவர் காசநோயாளிகள் இருக்கும் அதே வார்டில்தான் இருந்தார். இடம் மாற்றக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தார், பதில் வரவில்லை. மூக்கில் குழிந்த தழும்பு நிலைத்துவிட்டது. மாஸ்க் பட்டால் ரத்தம் கசியும், ஆறும், மறுபடி கசியும்.

உடல் ஊர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மகள் என்னை அழைத்தாள். “அம்மைக்க மூக்குல உள்ள தழும்பு எப்படி வந்துச்சு அங்கிள்? எங்கிட்ட கண்ணாடி அமுத்துனதுன்னுதான் சொன்னாங்க.” ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிளாஸ்டரை எடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். “உங்க வேலை அதுதானே அங்கிள், நீங்க என்ன செய்வீங்க” என்றாள்.

எல்லோரும் என்னிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மேரி சிஸ்டர் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டி தீர்ந்த அன்று, “மன்னிச்சிருங்க சிஸ்டர், என் கையில ஒண்ணுமில்ல” என்றேன். பழைய மாஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு, “தெரியும் பாய். ஆனா வலிக்குது” என்றார்.

இப்போதும் என் முன்னால் முகத்தில் புண்ணோடு வந்து உட்காருகிறார்கள். பிளாஸ்டரை எடுக்கத்தான் சொல்கிறேன். வேறு எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் சொல்வதற்கு முன் அந்த முகத்தை ஒரு நிமிடம் நேராகப் பார்க்கிறேன். மேரி சிஸ்டர் எனக்கு ஆறுதல் எதுவும் விட்டுப் போகவில்லை. அந்த வலியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை வைத்திருக்கிறேன்.